ஒன்பதில் முடியும் உயரம்

மாலை ஐந்து நாற்பது. சுவர்க் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த பதினான்கு பேரும்தான் அது தங்கள் பிடரியில் ஏறி உட்கார்ந்து ஓடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரீட்டா கோவாச் மட்டும் சாஸேஜ் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷம் அமெரிக்காவின் டொலீடோ நகரப் போக்குவரத்துப் போலீஸில் குப்பை கொட்டியவள். கிடைக்கும்போது சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த உத்தியோகம் அவளுக்கு வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

"பாஸ், இது டிராஃப்ட் ரூமா, சாவு வீடா? சாவு வீட்டுல கூட இதைவிட நல்ல காப்பி தருவாங்க."

அன்செல் புரூடன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்தாறு வயது, தும்பைப்பூ மாதிரி நரைத்த தலை, வார்த்தைக்கு வார்த்தை கட்டணம் கேட்பவர் போல அளந்து பேசும் வாய். டொலீடோவில் காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்த துப்பறிவாளர். அவர் பேசாமல் மிச்சம் வைப்பதையெல்லாம் ரீட்டா பேசித் தீர்ப்பதாக அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

இன்றைக்குக் காணாமல் போயிருந்தவர் எர்ல் நோவிக்கி. டொலீடோ ஹெரான்ஸ் அணியின் தலைமை ஸ்கவுட். முப்பத்தொரு வருஷமாக இந்த அணிக்காக ஊர் ஊராகப் போய், கல்லூரிப் பையன்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதைப் பார்த்து, அளந்து, அட்டையில் எழுதிக்கொண்டு வருகிறவர். செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தை விட்டுப் போனார். இன்று வியாழன். போன் அணைந்து கிடந்தது. அவருடைய இன்சுலின் பை மேஜை டிராயரிலேயே இருந்தது.

அந்தப் பையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து ரீட்டா அவர் மருந்தில்லாமல் கழித்த மணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதை மறைக்கத்தான் சாண்ட்விச்.

எட்டு மணிக்கு டிராஃப்ட். கல்லூரி ஆட்டம் முடித்த பையன்களை லீகின் எல்லா அணிகளும் வரிசை போட்டு ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும் நாள். ஹெரான்ஸுக்கு அந்த வரிசையில் ஏழாவது முறை. சுவர் நிறைய காந்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பையனின் பெயர். மேலே தனியாக ஒரே ஒரு அட்டை. டேரியன் மோட்டன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், வயது இருபத்தொன்று.

அணியின் உரிமையாளர் மிசஸ் ஹேவர்காம்ப் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தார். எண்பது வயது. காலையில் அன்செலை வரவழைத்தவர் அவர்தான்.

"மிஸ்டர் புரூடன், அந்தப் பையன் போன நவம்பர்ல கழுத்துல அடிபட்டு பதினோரு நிமிஷம் கிரவுண்டுல அசையாம கிடந்தான். டாக்டருங்க பரவாயில்லன்னு காகிதம் குடுத்திருக்காங்க. எனக்குக் காகிதம் வேண்டாம். எர்ல் போய் விசாரிச்சு, தன் கையால கார்டு எழுதிக் குடுக்கணும். குடுத்தாத்தான் எடுப்போம்."

"எர்ல் வரலைன்னா?"

"எடுக்க மாட்டோம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஜெனரல் மேனேஜர் லாயிட் ஹாமர்ஸ்லி உள்ளே வந்தார். அறுபத்திரண்டு வயதிலும் விறைப்பான முதுகு. கையில் ஒரு பழுப்பு உறை.

"மேடம், நிம்மதியா இருங்க. எர்லோட கார்டு வந்திருச்சு. என் ரூம் கதவுக்கு அடியில கிடந்தது. கிழவன் வழக்கம்போல எங்கயோ போய் வேலை பாத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம தள்ளி விட்டுட்டுப் போயிருக்கான்."

அறை முழுக்கப் பெருமூச்சு. மற்ற ஸ்கவுட்டுகள் எழுந்து கார்டைப் பார்க்க வந்தார்கள். லாயிட் கையை உயர்த்தினார்.

"உக்காருங்க, நானே படிக்கிறேன். டேரியன் மோட்டன். சட்டை நம்பர் பதினேழு. உயரம் ஆறடி ரெண்டரை அங்குலம். எடை இருநூத்தி இருபத்தொண்ணு. கழுத்தை விசாரிச்சேன், பழுதில்லை. எடுக்கலாம். எர்ல் நோவிக்கி."

மிசஸ் ஹேவர்காம்ப் கார்டை வாங்கிக் கையெழுத்தை மட்டும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அவன் கையெழுத்துதான்."

"நான் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார் அன்செல்.

லாயிட் ஒரு நொடி தயங்கினார். "தாராளமா. பத்திரம்."

அன்செல் கார்டை வாங்கி ரீட்டாவிடம் காட்டினார். உயரம் என்ற இடத்தில் நான்கு இலக்கம்: 6029. ரீட்டாவின் கண் அங்கே நிற்கவில்லை. மேலே அச்சடித்திருந்த அணிச் சின்னத்தில் நின்றது. ஒற்றைக்காலில் நிற்கும் நாரை.

"பாஸ், இந்தக் கொக்கு இடது பக்கம் பாக்குது. வாசல்ல இருக்கற கொக்கு வலது பக்கம் பாக்குது. ரெண்டுக்கும் சண்டையோ?"

"ரீட்டா..."

"சரி, வாயை மூடிக்கிறேன்."

மூலையில் இருந்து ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். வின்ஸ் டக்கெட். வீரர்களின் சம்பளக் கணக்கைப் பார்ப்பவர். குண்டு உடம்பு, இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"அப்பாடா! மோட்டன் வந்துட்டா தப்பிச்சோம்."

"யாரு தப்பிச்சது?" என்றாள் ரீட்டா.

"எல்லாரும்தாம்மா. ஒரு டீம் மொத்தச் சம்பளமா இவ்வளவுதான் குடுக்கலாம்னு லீக்ல வரம்பு இருக்கு, கேப்புன்னு சொல்வோம். அதைத் தாண்ட முடியாது. நம்ம பழைய குவார்ட்டர்பேக் ஒருத்தரே இந்த வருஷம் நாப்பத்தெட்டு மில்லியன் டாலர். அடுத்த வருஷம் அறுபத்தொண்ணு. டிராஃப்ட்ல வர்ற பையனுக்கு நாலு வருஷத்துக்கு அதுல ஆறுல ஒரு பங்கு கூடக் கிடையாது. பழைய ஆளை அனுப்பிட்டா மூச்சு விடலாம்."

"அறுபத்தொண்ணு வர்ற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இந்த வருஷச் சம்பளத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம். அதை அதுக்கடுத்த வருஷத்துக்கு."

"ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கிரெடிட் கார்டுல கட்டியிருக்கீங்க. என் முன்னாள் புருஷன் மாதிரியே."

வின்ஸ் சிரிக்கவில்லை. "இதான் கடைசி கார்டும்மா" என்றார் மெல்ல.

அன்செல் எழுந்தார். வெளியே வந்ததும் ரீட்டாவின் காதருகே சொன்னார்: "கார்டு கதவுக்கு அடியில வந்தது. கார்டு எழுதினவர் ஏன் கதவைத் தட்டலை?"

ரீட்டா மிச்ச சாண்ட்விச்சைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"இன்னொண்ணு. எர்லை யாராவது பிடிச்சு வெச்சிருந்தா, அவங்களுக்குத் தேவை இந்தக் கார்டு. ஏழாவது முறை முடிஞ்சு, மோட்டன் இந்த டீமுக்கு வந்துட்டான்னா, அதுக்கப்புறம் அவங்களுக்கு எர்ல் எதுக்கு?"

எர்லின் அறை ஒரு தீப்பெட்டி. மூன்று சுவரிலும் இழுப்பறைகள், முப்பத்தொரு வருஷத்துக் கார்டுகள். நான்காவது சுவரில் ஒரே ஒரு புகைப்படம். அழுக்கான ஸ்டேஷன் வேகன் காரில் சாய்ந்து நிற்கும் மூன்று வாலிபர்கள். மூவருக்கும் துடைப்பம் போல மீசை. கீழே பேனாவில் 'எர்ல், லாயிட், பக் - 1989' என்று எழுதியிருந்தது.

"நம்ம லாயிட்டா இது? அந்த மீசைக்கே கைது பண்ணலாம் பாஸ். பக் யாரு?"

"பக் டெலானி. இப்ப மெம்ஃபிஸ் டீமுக்குத் தலைமை ஸ்கவுட். மூணு பேரும் ஒரே கார்ல ஊர் சுத்தினவங்கன்னு மேடம் சொன்னாங்க." அன்செல் ஓர் இழுப்பறையை முழுதாக உருவி மேஜையில் கவிழ்த்தார். "உயரத்தை மட்டும் படி."

"எதுக்கு?"

"படி."

"6014. 6035. 5117. 6060. 6022. 5106. இந்த ஆளுங்களுக்குப் பக்கத்துல நான் குழந்தை பாஸ். 6041. 6003..."

ஐம்பது கார்டு படித்திருப்பாள். வாய் தானாகவே நின்றது. திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். அடுத்த இழுப்பறையைத் திறந்து அதையும் புரட்டினாள்.

"கடைசி இலக்கத்துல எட்டும் ஒன்பதும் வரவே இல்லியே. ஒண்ணுல கூட."

"வராது. முதல் இலக்கம் அடி. நடுவுல ரெண்டும் அங்குலம். கடைசியா வர்றது அங்குலத்தை எட்டாப் பிரிச்சா அதுல எத்தனை பங்குன்னு. 5117ன்னா அஞ்சடி பதினொரு அங்குலம், மேல எட்டுல ஏழு பங்கு. எட்டுப் பங்கு ஆயிட்டா அடுத்த அங்குலம் வந்துரும்."

"அப்ப 6029ன்னு ஒரு மனுஷன் பொறக்கவே முடியாது!"

"முடியாது."

ரீட்டா மேஜையில் ஓங்கி அடித்தாள். "அப்ப இதை எழுதினது ஸ்கவுட் இல்லை. இந்தக் கணக்கு தெரியாத ஆளு. மோட்டன் வந்தா மூச்சு விடலாம்னு சொன்ன ஆளு. ரெண்டு நாளாத் தூங்காம வேர்த்து வழியற ஆளு!"

வின்ஸ் டக்கெட்டின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. திறந்துகொண்டு போனாள். மணி ஆறே முக்கால்.

"இந்த 6029ன்னா என்ன சார்?" கார்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

வின்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏதாவது ஃபைல் நம்பரா இருக்கும். எல்லாக் கார்டுலயும் இப்படி ஒண்ணு போடுவாங்களே."

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷமா உயரத்தை ஃபைல் நம்பர்னு நினைச்சுட்டிருந்தீங்களா?"

"உயரமா? எனக்கு அவங்க உயரம் எதுக்கும்மா? சம்பளம்தான் வேணும்." மனிதர் உண்மையாகவே முழித்தார். பிறகு அவர் முகம் மெதுவாக வெளுத்தது. "இருங்க, இது நான் எழுதினதுன்னு நினைக்கிறீங்களா? இந்த ஏழு எழுதியிருக்கறதைப் பாருங்க. சட்டை நம்பர் பதினேழுல. வயித்துல குறுக்கே ஒரு கோடு. போலந்துக்கார அப்பா சொல்லிக்குடுத்ததுன்னு எர்ல் பெருமையாச் சொல்லுவார். இது அவர் கைதான். சத்தியமா அவர் கைதான்."

ரீட்டா அன்செலைப் பார்த்தாள். அன்செல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

"எர்ல்தான் எழுதியிருக்கார்" என்றார் அவர். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட எழுதாத ஒன்பதை எழுதியிருக்கார். தெரியாம இல்லை. தெரிஞ்சவங்க கண்ணுல படட்டும்னு. மிஸ்டர் டக்கெட், இந்த நாரை ஏன் இடது பக்கம் பாக்குது?"

"அது பழைய சின்னம். மாத்திப் பத்து வருஷமாச்சு. பழைய அட்டையெல்லாம் எரிச்சாச்சே..." வின்ஸ் நிறுத்தினார். "போர்ட் கிளிண்டன்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஏரிக்கரையில எங்க பழைய பயிற்சி முகாம். மூடிட்டோம். அங்க இருந்த பெட்டிகளைக் கொண்டுவர லாரி வாடகை கட்டுப்படியாகலைன்னு நான்தான் விட்டுட்டேன்."

"சாவி யார்கிட்ட?"

"ஒரே சாவிதான். லாயிட் வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை அங்க மீன் பிடிக்கப் போவார்."

ரீட்டா கையில் இருந்த கார்டை மறுபடி பார்த்தாள்.

"பாஸ்... லாயிட் இதைப் படிக்கும்போது..."

"ஆறடி ரெண்டரை அங்குலம்னு படிச்சார். அதான் பையனோட உண்மையான உயரம், எல்லாருக்கும் தெரிஞ்சது. 6024. கார்டுல இருந்ததோ 6029. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே கார்ல ஊர் சுத்தி இந்தக் கார்டை எழுதினவர் அவர். ஒன்பதைப் பாத்ததும் சிரிச்சிருக்கணும், இல்ல திட்டியிருக்கணும். இல்லேன்னா கார்டை அடுத்தவங்ககிட்டக் காட்டி 'எர்லுக்கு வயசாயிடுச்சு'ன்னு சொல்லியிருக்கணும். அவர் மத்த ஸ்கவுட்டுங்களை உக்கார வெச்சுட்டு, சரியான நம்பரா மாத்தி, சத்தமாப் படிச்சார். அந்த ரூம்ல ஒன்பதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் கார்டைப் பாக்கக் கூடாதுன்னு."

வின்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம் டீம் தேறலைன்னா லாயிட்டை அனுப்பிடறதா மேடம் சொல்லியிருந்தாங்க. பணத்தைத் தள்ளாதீங்க, தள்ளாதீங்கன்னு அஞ்சு வருஷமா நான் கத்தினேன்..."

"போலீஸைக் கூட்டிட்டு வந்து இப்பவே பிடிச்சிரலாம்" என்றாள் ரீட்டா.

"பிடிச்சா வாயைத் திறக்க மாட்டார். எர்ல் அங்க இருக்காருங்கறதே நம்ம ஊகம். அங்க வேற யாராவது காவல் இருந்து, லாயிட் ஒரு போன் போட்டாப் போச்சு. நான் போய் அவர் பக்கத்துல உக்காந்துக்கறேன். பாத்ரூம் போனாலும் கூடப் போவேன். நீ அந்த இன்சுலின் பையை எடுத்துட்டுக் கிளம்பு."

போர்ட் கிளிண்டன் நாற்பது மைல். ரீட்டா தன் வாழ்நாளில் எத்தனை பேருக்கு வேகத்துக்காக அபராதச் சீட்டு எழுதினாளோ, அத்தனைக்கும் சேர்த்து அன்று ஓட்டினாள். போகும்போதே பழைய சகா ஒருவனுக்குப் போன் போட்டு, ஷெரிஃப் வண்டியும் ஆம்புலன்ஸும் கேட்டாள். ஏரி விபத்து ஒன்றில் மாட்டியிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றான் அவன்.

முகாமுக்கு வந்தபோது ஏழே முக்கால். ஏரியிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. ஒரு கொட்டகையில், வீரர்கள் மோதிப் பழகும் பொம்மைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கின. தலையில்லாத, கையில்லாத ஆள் உயரத் தோல் மூட்டைகள். காற்றே இல்லை. ஆனாலும் கடைசிப் பொம்மை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"எலியாத்தான் இருக்கும்" என்று ரீட்டா தனக்கே சொல்லிக்கொண்டாள். "இல்லேன்னாலும் எலின்னே வெச்சுப்போம்."

அந்த ஜோக்குக்கு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது, உண்மையான பயம். பொம்மைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நடந்தாள். கடைசிப் பொம்மைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு. கதவு துருப்பிடித்திருந்தது, பூட்டு மட்டும் பளபளவென்று புதிது. உள்ளேயிருந்து யாரோ கதவை உதைத்தார்கள். பலமில்லாத உதை. கதவு அதிர்ந்து, அதில் உரசிக்கொண்டிருந்த சங்கிலி அசைய, பொம்மை மறுபடி ஆடியது.

கார் டயர் கழற்றும் கம்பியால் பூட்டை நெம்பி உடைத்தாள்.

எர்ல் நோவிக்கி தரையில் படுத்தபடியே காலை நீட்டிக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்து, கண் குழிக்குள் போயிருந்தது. குழாயில் சொட்டிய தண்ணீர்தான் அவரை இரண்டு நாள் வைத்திருந்தது. ரீட்டா பையைத் திறந்ததும் நடுங்கும் விரலால் மருந்தை அவரே அளந்து ஏற்றிக்கொண்டார். பிறகு அவளுடைய கையைப் பிடித்தார்.

"ஒன்பதைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க ஐயா. ஒருத்தர் பாத்தும் சொல்லலை. என் பாஸ் சொல்லிட்டார்."

அன்செலுக்குப் போன் போட்டாள். எட்டு மணி தாண்டியிருந்தது. பின்னணியில் தொலைக்காட்சி இரைச்சல் கேட்டது. "எர்ல் கிடைச்சுட்டார் பாஸ். உயிரோட."

"அவர்கிட்டக் குடு. நான் போனை மேஜை மேல வெக்கிறேன். எல்லாரும் கேக்கட்டும்."

இரைச்சல் அடங்கியது. யாரோ தொலைக்காட்சியை நிறுத்தியிருக்க வேண்டும். எர்ல் போனை வாயருகே கொண்டுபோனார்.

"லாயிட்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒன்பது போட்டேனேடா. பாத்தியா, பாக்கலையா?"

ஒரு குரல் வந்தது. அந்த விறைப்பான முதுகுக்காரரின் குரல் என்று ரீட்டாவால் நம்ப முடியவில்லை.

"பாத்தேன் எர்ல்."

"தனியாப் பேசலாம்னு இங்க கூட்டிட்டு வந்து பூட்டினே. எடுக்கலாம்னு நீ சொன்னபடியே எழுதிக் குடுத்தேன். கத்தி வெச்சாக் கூட இன்னொரு கார்டு எழுத மாட்டேன்னு சொன்னேன். உனக்கு ஒன்பதுன்னா என்னன்னு தெரியும். நீயும்தானேடா அந்தக் கார்ல இருந்தே."

மிசஸ் ஹேவர்காம்ப்பின் குரல் குறுக்கிட்டது. வயதான குரல்தான். ஆனால் உறுதியான குரல். "எர்ல், பையன் கழுத்து?"

"ஊர்ல அவங்க அம்மா தனியா ஒரு எக்ஸ்ரே எடுக்க வெச்சிருக்காங்க மேடம். பையனுக்கு ஒப்பந்தம் பேசற ஏஜென்ட் அதை வாங்கி ஒளிச்சு வெச்சுட்டான். அதுல என்ன இருக்குன்னு பையனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. படம் பிடிச்ச ஆளைத் தேடிப் போய் நான் பாத்துட்டேன். இன்னொரு அடி விழுந்தா எழுந்திரிக்க மாட்டான்."

சுவரிலிருந்து ஒரு காந்த அட்டையைப் பிடுங்கும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. எட்டே முக்காலுக்கு ஹெரான்ஸின் முறை வந்தது. மிசஸ் ஹேவர்காம்ப் தற்காப்பு வரிசைக்கு ஒரு பையனை எடுக்கச் சொன்னார். லாயிட்டை அழைத்துக்கொண்டு போக இரண்டு போலீஸார் வந்திருப்பதாக அன்செல் சொன்னார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் எர்லின் கையில் ஊசியைச் செருகிக்கொண்டிருந்தார்கள். ரீட்டா தன் போனில் நேரலையைத் திறந்து அவருக்குக் காட்டினாள்.

"முடிஞ்சுது ஐயா. பையன் தப்பிச்சான். உங்க டீம் எடுக்கலை."

எர்ல் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். "எட்டாவது யாரு?"

"மெம்ஃபிஸ்."

"பக்! அவங்க நாலு மாசமா மோட்டனுக்காகத் தவம் கிடக்கறாங்க. நாம விட்டதைப் பாத்துக் கூத்தாடுவாங்க. போன் போடும்மா, சீக்கிரம்!"

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரே கும்மாளம்.

"பக், நான் எர்ல். மோட்டனை எடுக்காத. கழுத்து போச்சு."

எதிர்முனையில் ஒரு வெடிச்சிரிப்பு. "எர்ல்! கிழட்டு நரி! டிராஃப்ட் நாள்ல எனக்கே காது குத்தறியா? உங்க ஆளு ஏழுல விட்டுட்டான், நான் எட்டுல எடுக்கறேன்னு வயிறு எரியுது. அவன் கீழ இறங்கினா ரெண்டாவது சுத்துல அள்ளலாம்னு பாக்கற."

"சத்தியமாச் சொல்றேன்டா."

"போன வருஷமும் சத்தியம் பண்ணின. ஒரு பையனுக்கு முட்டி சரியில்லைன்னு சொல்லி, நீயே தூக்கிட்டுப் போன. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, வேலையைப் பாக்க விடு."

அது உண்மைதான் என்பது எர்லின் முகத்திலேயே தெரிந்தது. முப்பத்தொரு வருஷமாக இந்த ஒரு நாளில் அவர் சொன்ன பொய்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து இப்போது அவர் வாயை அடைத்தன. ரீட்டாவுக்குப் பதறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மிக மெதுவாக, கார்டில் எழுதுவது போலவே சொன்னார்:

"பக். அவன் உயரத்தை எழுதிக்கோ. ஆறு, பூஜ்யம், ரெண்டு, ஒன்பது."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. பின்னால் கும்மாளம் மட்டும் கேட்டது.

"திருப்பிச் சொல்லு."

"ஒன்பது பக். ஒன்பது."

போன் துண்டிக்கப்பட்டது.

"என்னய்யா அது ஒன்பது?" என்றாள் ரீட்டா.

"தொண்ணூறாம் வருஷம் ஒரு பையன். இதயம் சரியில்லைன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும். மேலிடத்துக்குப் பிடிச்ச பையன், நமக்கெதுக்கு வம்புன்னு வாயை மூடிட்டு இருந்தோம். ஆகஸ்ட் மாசப் பயிற்சியில விழுந்தான், அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி கார்ல உக்காந்து மூணு பேரும் சத்தியம் பண்ணினோம். ஆடினா செத்துருவான்னு தெரிஞ்ச பையனுக்கு, எங்கே வேலை பாத்தாலும் சரி, கடைசியில ஒன்பது போடணும். அதுல மட்டும் பொய் கிடையாது. இதுவரைக்கும் போட வேண்டி வரலை."

திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வினாடி. முப்பது. மெம்ஃபிஸின் சீட்டை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடையில் இருந்தவர் பிரித்துப் படித்தார்.

வேறு பெயர்.

அரங்கமே ஓவென்றது. கேமரா பாய்ந்துபோய் டேரியன் மோட்டனைப் பிடித்தது. புதுக் கோட்டும் சூட்டும் போட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஆறடி இரண்டரை அங்குலப் பையன், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பக்கத்தில் அவன் அம்மா, ஒன்றும் புரியாமல், அவனுடைய கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை படும் இடத்தைப் பார்த்து ரீட்டாவுக்கு உடம்பு கூசியது.

"என் சட்டைப் பையில நோட்டு இருக்கு" என்றார் எர்ல். "கடைசிப் பக்கத்துல அந்த அம்மா நம்பர். போடும்மா. அடுத்த டீம் சீட்டு எழுதறதுக்குள்ள."

தன் போனைத் திரைக்காக எர்லின் மார்பில் சாய்த்து வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரனின் போனைப் பிடுங்கி ரீட்டா எண்களை அழுத்தினாள். மணி போனது. ஒன்று. இரண்டு. மூன்று.

திரையில் அந்த அம்மா மகனின் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து, கைப்பைக்குள் விட்டுத் துழாவினாள்.